படகறையின் ஈரம்

மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த படகின் மேல்மூடியை முதல் தடவை திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். உள்ளே அடைந்து கிடந்த காற்று மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வரும். என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் என்றைக்கு நான் சொல்லிக் கேட்டிருக்கிறாள்? குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அன்று ஆயுத பூஜை. வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அவள் படகுக்கு வருவாள். பாய்மரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள், பொரிகடலை படைப்பாள், சூடம் காட்டுவாள், திரும்பிவிடுவாள். படகு கரையை விட்டு நகர்ந்து அவள் பார்த்ததில்லை. மற்ற வருஷங்களில் முந்தின வாரமே நான் போய் எல்லாவற்றையும் திறந்து காயப்போட்டு வைப்பேன். அந்த வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் அது முடியவில்லை.

உள்ளேயிருந்து வந்தது வழக்கமான ஈர வாடை இல்லை. பூசணமும் அழுகிய சேறும் கலந்து, நேராகத் தொண்டையில் போய் உட்காரும் நாற்றம். அவளுக்கு இருமல் பிடித்தது. எனக்கும் உங்களுக்கும் என்றால் இரண்டு இருமலோடு போயிருக்கும். அவளுடைய நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது என்று அதற்கு முந்தின வருஷம்தான் கண்டுபிடித்திருந்தார்கள். கைத்தாங்கலாக அழைத்து வந்து படகுத்துறைப் பலகையில் உட்காரவைத்தேன். உதடு நீலம் பாரித்துவிட்டது. பொரிகடலைப் பொட்டலம் தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மூச்சு திரும்பியதும் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள்: "இந்தக் குளிர்காலத்துல ஒரு தடவ என்னைய இதுல கூட்டிட்டுப் போங்க."

"இந்த நிலைமையிலயா?"

"இந்த நிலைமையிலதான் கேக்கேன். அடுத்த வருஷம் எந்த நிலைமையோ."

படகு கட்டியிருக்கும் பட்ஜ்பட்ஜிலிருந்து பாலிகஞ்சில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வாடகைக் காரில் திரும்பினோம். துர்கா பூஜை நவமி அன்று கொல்கத்தாவில் காரில் போவது எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரு பந்தல், விளக்கு, புதுச்சட்டை போட்ட கூட்டம். அவள் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஒவ்வொரு பந்தலிலும் தாக் மேளச் சத்தம் கேட்கும்போது எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த ஜனங்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இருந்தாலும் வந்தது.

இந்தப் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடிக்காரன். கொல்கத்தாத் துறைமுகத்தில் ஆற்றின் ஆழம் அளக்கும் பிரிவில் வேலைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவன். ஓய்வு பெற்ற வருஷம், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் இந்தப் பாய்ப்படகை வாங்கினேன். கண்ணாடி இழையில் செய்தது. ஒரு பாய்மரம், பின்னால் சின்ன எஞ்சின், உள்ளே ஒரு அறை. அறையில் ஒரு ஆள் படுக்கும் படுக்கை இரண்டு உண்டு, ஒருவரும் நிமிர்ந்து நிற்க முடியாது. கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றில் பாய்ப்படகு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் ஜனங்கள் முதலில் ஆச்சரியப்படுவார்கள், பிறகு பரிதாபமாகப் பார்ப்பார்கள். என் மனைவி இரண்டும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருந்தாள். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாமல் இருப்பது அவளுக்கும் வேண்டியிருந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டரிடம் போனோம். நல்ல மனுஷர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். ஆற்றுக் காற்று அவளுக்குக் கெடுதல் இல்லை, அரை நாள் போய்வரலாம் என்றார். ஆனால் பூசணம், புகை, தூசி மூன்றும் ஆகாது, பூசணம் பிடித்த இடத்தில் காலே வைக்கக் கூடாது. படகை நன்றாகக் காயவைத்துவிட்டால் கூட்டிப் போகலாமா என்று கேட்டேன். காயவைத்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார். அடுத்த குளிர்காலம் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, கையிலிருந்த எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டுக்கொண்டே, இந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பேசுவோம் என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேன், ஆகட்டும், காயவைக்கிறேன் என்று. அதைவிட லேசான வாக்கு எதையும் நான் கொடுத்ததில்லை என்று அப்போது நினைத்தேன்.

கொல்கத்தாவில் ஈரத்தோடு மல்லுக்கட்டாத குடித்தனம் கிடையாது. ஆவணியில் பீரோவைத் திறந்தால் தோல் செருப்பு பச்சை பூத்திருக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்திருக்கும். வங்காளிகள், நம் ஆவணிதான் அவர்களுக்கு பாத்ரோ, அந்த மாதத்து வெயில் ஒரு நாள் தலைகாட்டினால் போதும், பட்டுப் புடவை, கம்பளி, மெத்தை அத்தனையையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் விரித்துவிடுவார்கள். நாங்களும் அதைப் பழகிக்கொண்டோம். வீட்டு ஈரத்துக்கே இந்தப் பாடு என்றால், தண்ணீரிலேயே மிதக்கும் ஒரு சின்ன டப்பாவுக்குள் இருக்கும் ஈரத்தை என்ன சொல்ல?

தீபாவளி முடிந்ததும் ஆரம்பித்தேன். காலையில் பாலிகஞ்சில் லோக்கல் ரயில் ஏறினால் கடைசி நிறுத்தம் பட்ஜ்பட்ஜ். அங்கிருந்து ரிக்ஷா. மூடிய சணல் ஆலை ஒன்றின் பின்பக்கம் ஒரு பழைய படகுத்துறை, அங்கேதான் படகு கட்டியிருக்கும். முதல் நாள் மெத்தைகளை வெளியே இழுத்துப் போட்டேன். அடிப்பக்கம் கரும்புள்ளி கரும்புள்ளியாகப் பூசணம். ஜன்னல், மூடி எல்லாவற்றையும் திறந்துவைத்தேன். தரைப்பலகைகளைப் பெயர்த்தால் கீழே ஒரு பள்ளம் இருக்கும், படகுக்குள் எங்கே நீர் கசிந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து தேங்கும். அதில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். அடியில் கறுப்புச் சேறு. வாளியில் மொண்டு கொட்டி, சேற்றைக் கையால் வழித்து, சோப்பு போட்டுத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தேன். சுவர்களை வினிகர் தொட்டுத் துடைத்தேன். மூலைக்கு மூலை கரித்துண்டு கட்டிய துணிப்பையும் சுண்ணாம்புக் கட்டி போட்ட டப்பாவும் வைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. சாயங்காலம் மூடும்போது நாற்றம் பாதி போயிருந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் போய்த் திறந்தேன். அதே நாற்றம். பள்ளத்தில் மறுபடியும் தண்ணீர்.

எங்கள் மேல்வீட்டில் ஒரு ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி பேராசிரியர் இருக்கிறார், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தவர். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு பதில் உண்டு, சில பிரச்சினைகளுக்கு நாலைந்து உண்டு. என்னோடு வங்காளத்தில்தான் பேசுவார். மாடிப்படியில் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "மொஷாய், இது மீன். குழாய்க்குள்ள ஒரு விலாங்கு செத்துக் கெடக்கு," என்றார்.

எங்கள் படகில் மீன் ஏறியதே இல்லை என்றேன். அவருக்கு அது நாற்றத்தைவிடப் பெரிய அதிர்ச்சி. "படகு வச்சிருக்கீங்க, ஆத்துல போறீங்க, ஒரு இலிஷ் மீன் கூடப் பிடிச்சதில்லையா?" என்று கேட்டவர், அடுத்த நாள் என்னோடு ரயில் ஏறிவிட்டார். குழாய்களையெல்லாம் கழற்றிப் பார்த்தோம். விலாங்கும் இல்லை, எலியும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிவிட்டு, "அப்ப தூனோதான்," என்றார்.

தூனோ என்றால் நம் சாம்பிராணி. இந்த ஒரு விஷயத்தில் தமிழனும் வங்காளியும் அச்சு அசல் ஒன்று. பிள்ளை குளித்தால் சாம்பிராணி, வீட்டில் ஈரம் என்றால் சாம்பிராணி, கொசு என்றாலும் சாம்பிராணி. அவர் துனுசி என்கிற மண் தூபக்காலும் தேங்காய் நாரும் கொண்டுவந்தார். நான் வீட்டிலிருந்து எங்கள் ஊர்க் கட்டிச் சாம்பிராணி எடுத்துப் போனேன். எஞ்சின் பெட்ரோலைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு, மெத்தைகளை உள்ளே நிறுத்தி, புகை போட்டு, ஒரு பொட்டுக் காற்றுப் போகாமல் எல்லாவற்றையும் மூடினோம். கரையில் உட்கார்ந்து டீ குடித்தோம். படகின் இடுக்குகளிலிருந்து புகை நூலாகக் கசிந்தது. பேராசிரியர் பூசணம் எப்படிச் சாகும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

புகையும் தூசியும் ஆகாது என்று டாக்டர் சொன்னது என் நினைவுக்கு வந்தது திரும்பி வரும் ரயிலில்தான். ஈர மெத்தை புகையை அப்படியே குடித்துவைத்திருந்தது. ஈரச் சுவரிலெல்லாம் பிசுபிசுவென்று ஒரு படலம். வீட்டுக்குள் நுழைந்ததும் என் சட்டையில் இருந்த வாடைக்கே அவள் இரும ஆரம்பித்தாள். நான் வாசலிலேயே சட்டையைக் கழற்றினேன். படித்த இரண்டு கிழவர்கள் சேர்ந்து, நோயாளிக்காகக் காயவைக்க வேண்டிய இடத்தை நோயாளி கிட்டவே போக முடியாத இடமாக ஆக்கியிருந்தோம். மெத்தைகளைப் பிரித்து, பஞ்சு எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு, உறைகளைத் துவைத்து, பவானிபூரில் ஒரு கடையில் புதுப் பஞ்சு வைத்துத் தைக்கக் கொடுத்தேன். சுவரை முதலிலிருந்து தேய்த்தேன்.

கார்த்திகை பிறந்து நடந்துகொண்டிருந்தது. காலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஏரியில் பனிமூட்டம் இறங்க ஆரம்பித்துவிட்டது. அவள் தினமும் சாயங்காலம் கேட்பாள், "காஞ்சிட்டா?" என்று. குரலில் அவசரம் இருக்காது. குழம்பு கொதித்துவிட்டதா என்று கேட்பதுபோலத்தான் கேட்பாள். ஆனால் அந்த மாதத்தில் அவள் மாடிப்படி ஏற நடுவில் ஒரு தடவை நின்றது போய், இரண்டு தடவை நிற்க ஆரம்பித்திருந்தாள். நான் அதைப் பார்க்காத மாதிரி சாவியைத் தேடுவேன். எனக்குப் பயமாக இருந்தது. படகு காய்வதற்குள் குளிர்காலம் போய்விடுமோ என்று பயம். அவள் அதற்கு முன்னால் போய்விடுவாளோ என்ற இன்னொரு பயமும் இருந்தது. அதைப் பக்கத்தில் வரவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தேன்.

பள்ளத்துத் தண்ணீர்தான் எனக்குப் புரியவில்லை. மழை நின்று வாரக்கணக்காகிவிட்டது. மேலிருந்து வர வழியில்லை. படகின் அடியில் ஓட்டை விழுந்து ஆற்று நீர் வருகிறதென்றால், ஹூக்ளித் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும், ஒரு டம்ளர் மொண்டு வைத்தால் அடியில் மண் படியும். அந்த ஆற்றைப் பார்த்தே என் உத்தியோக காலம் முழுக்கப் போயிருக்கிறது, எனக்குத் தெரியாதா? பள்ளத்தில் வந்து நின்ற தண்ணீரோ தெளிவாக இருந்தது. நாறியது, ஆனால் தெளிவாக இருந்தது. குடிதண்ணீர்த் தொட்டி காலி. பிறகு இது எங்கேயிருந்து வருகிறது?

பள்ளத்தைத் துடைத்துக் காயவைத்து, நீளம் முழுக்கப் பழைய செய்தித்தாளைக் கிழித்து வரிசையாகப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போனேன். பின்பக்கத்துத் தாள்கள் மொறமொறவென்று இருந்தன. நடுவில் இருந்தவை நமத்திருந்தன. முன்பக்கத்துத் தாள் நனைந்து கூழாகிக் கிடந்தது. ஆக, படகின் மூக்கிலிருந்துதான் வருகிறது. அங்கே படுக்கைக்கு அடியில் ஒரு குகை மாதிரி இடம், நங்கூரச் சங்கிலி போட்டு வைப்பது. அதற்குள் நான் தலையை விட்டு வருஷமாயிற்று. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தவழ்ந்து போனேன். சங்கிலிக்குப் பின்னால் ஈரச் சாக்கு மூட்டைகள். தொட்டால் விரல் உள்ளே போனது. அவ்வளவு ஊறியிருந்தது. பூசணம் அங்கே வெள்ளையும் கறுப்புமாகக் குடியிருந்தது. நாற்றத்தின் தாய்வீடு அதுதான்.

ஒவ்வொன்றாக வெளியே இழுத்தேன். சாக்குக்குள் பிளாஸ்டிக் கேன்கள். எல்லாம் கங்கா ஜலம்.

கொல்கத்தாவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தால், திருநெல்வேலி தூத்துக்குடிப் பக்கம் இருக்கும் அத்தனை சொந்தக்காரர்களுக்கும் கங்கா ஜலம் அனுப்புவது அந்தக் குடும்பத்தின் தலைவிதி. கிருகப்பிரவேசத்துக்கு, சஷ்டியப்த பூர்த்திக்கு, திவசத்துக்கு, சும்மா பூஜையறையில் வைக்க. படித்துறைத் தண்ணீர் வேண்டாமாம், அழுக்காம். அத்தான்தான் படகு வைத்திருக்கிறாரே, நட்டாற்றில் மொண்டு அனுப்பக் கூடாதா? நானும் குளிர்காலத்தில் நட்டாற்றில் கேன்களை ரொப்புவேன். என் மனைவி அதைச் சின்னச் செம்புகளில் ஊற்றி, ஈயம் வைத்து அடைத்து, ஹவுராவில் ரயில் ஏறுபவர்கள் தலையில் கட்டுவாள். போன வருஷக் கேன்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டன என்றே நினைத்திருந்தேன். பின்பக்கப் பெட்டியில் வெயிலில் கிடந்தவற்றை இவள் போன வருஷம் ஆயுத பூஜைக்கு வந்தபோது, நான் பாய்மரத்தில் மாவிலை கட்டிக்கொண்டிருந்த நேரம், வெயில் பட்டால் புனிதம் போய்விடும் என்று முன்னால் கொண்டுபோய்ச் சாக்குச் சுற்றி வைத்திருக்கிறாள், பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். படகு ஆட ஆட, சங்கிலி உரசி உரசி, கேன்களில் விரிசல். மண் அடியில் தங்கிவிட்டதால் மேலே தெளிந்த தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து மழைக்காலம் முழுக்க ஓடியிருக்கிறது. தங்கிய மண் கேனுக்குள் அழுகியிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே கேன்களைத் திறந்து ஆற்றில் கவிழ்த்தேன். கடைசியாக ஒன்று, மற்றவற்றைவிடச் சின்னது. சாக்குக்கு மேல் ஒரு பச்சைச் சுங்குடிச் சேலைத் துண்டும் சுற்றியிருந்தது. அது அவளுடைய சேலை. அதிகம் விரிசல் விட்டிருந்ததும் அதுதான். அதையும் கவிழ்த்தேன். சாக்கு, துணி, கேன் எல்லாவற்றையும் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அந்தக் குகையைச் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு, வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றேன். "உங்க அண்ணன், மதினி, சித்தி எல்லாருமாச் சேந்து படகை நாறடிச்சிருக்காங்க. எல்லா ஜலத்தையும் கொட்டியாச்சு."

அவள் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். அப்போதே தட்டையாகப் படுத்தால் அவளால் தூங்க முடியாது. "எல்லாத்தையுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு விடாம."

"பச்சச் சீல சுத்துனது ஒண்ணு இருந்திருக்குமே."

"அதுதான் ரொம்ப மோசம். அதையுந்தான் கொட்டுனேன். அது யாருக்கு?"

தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "அது எனக்குன்னு வச்சிருந்தேன்," என்றாள்.

"உனக்கெதுக்கு? இந்த ஊர்லயே இருக்கோம், உனக்கெதுக்குக் கங்கா ஜலம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் உயிர் பிரியும் நேரத்தில் வாயில் கங்கா ஜலம் விடுவார்கள். போன வருஷத்து ஆயுத பூஜைக்கு முந்தின வாரம்தான் அவளுடைய முதல் ரிப்போர்ட் வந்திருந்தது. அந்த வாரத்தில் நான் இரண்டாவது டாக்டர், மூன்றாவது டாக்டர் என்று போன் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் சேலையைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து, சந்தனம் வைத்த கையோடு, அதையும் முடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. கோபம்தான் வந்தது. "என்கிட்ட சொல்லாம, என் படகுல, இதச் செய்ய உனக்கு எப்படி மனசு வந்துது?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"சொன்னா இப்பிடித்தான் கத்துவீங்க. அதான் சொல்லல," என்றாள். பிறகு யோசித்தாள். "அப்ப, அன்னைக்கு எனக்கு இருமல் வந்தது அந்தத் தண்ணியாலயா?"

நான் தண்ணீர்ச் செம்பை எடுக்கத் திரும்பினேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் வேண்டும் என்று எடுத்து வைத்தது முன்கூட்டியே வேலையைக் காட்டிவிட்டது என்று சிரித்தாள். சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து அடங்கினாள். நான் சிரிக்கவில்லை.

"வேற ரொப்பிட்டு வரவா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம். இந்த ஊர்ல குழாயில வாரதே கங்கைதான. சுத்தம் பண்ணி வேற அனுப்புதாங்க. அது போதும்." டம்ளரை என்னிடம் நீட்டினாள். "படகு எப்ப காயும், அதச் சொல்லுங்க."

அதன் பிறகு படகு காய்ந்தது. காரணம் போனதும் ஈரம் தானாக விட்டுக்கொடுத்தது. சுவரை வெந்நீரும் சமையல் சோடாவும் வைத்து ஒரு தடவை துடைத்தேன். கரியையும் சுண்ணாம்பையும் மாற்றினேன். வெயில் நாளெல்லாம் மூடிகளைத் திறந்து போட்டு, வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் போகும்படி படகைத் திருப்பிக் கட்டினேன். பள்ளத்தில் போட்ட செய்தித்தாளை ஒரு வாரம் கழித்து எடுத்தால், கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல் இருந்தது. தைத்து வந்த மெத்தைகளை எங்கள் மொட்டை மாடியில், மற்ற பிளாட்காரர்களின் ரஜாய் மெத்தைப் போர்வைகளுக்கு நடுவே வெயிலில் போட்டேன். அவள் நடுநடுவே நின்று மாடி ஏறி வந்து, மெத்தையில் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "துணிக்கடை வாசனை வருது," என்றாள். டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அரை நாள்தான் என்று விரலைக் காட்டிச் சொன்னார்.

தை பிறந்து ஒரு வாரநாளில் போனோம். பேராசிரியர் தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டார், ஆனாலும் துறை வரை வந்து, அவளைக் கைபிடித்து ஏற்றிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். கடல் ஓதம் இந்த ஆற்றுக்குள்ளும் வரும், அது வடியும்போது வற்றத்தோடு கீழே போய், ஏறும்போது ஏற்றத்தோடு திரும்புவது என்று கணக்கு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றினேன். சத்தம் நின்றதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். செங்கல் சூளைப் புகைபோக்கிகள், வாழைத் தோப்பு, அக்கரையில் துணி அலசும் பெண்கள், எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நீங்கள் இதற்குத்தான் வருவீர்களா என்று கேட்டாள். இதற்குத்தான் என்றேன். முன்னாடியே கூப்பிட்டிருக்கலாம் என்றாள். முன்னாடியே கேட்டிருக்கலாம் என்றேன். கேட்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடுமே என்றாள். நான் பாயின் கயிற்றைப் பார்க்கப் போனேன்.

ஓதம் திரும்பும்வரை காத்திருக்க, கரையோரமாக நங்கூரம் போட்டேன். எலுமிச்சம்பழச் சோறும் அப்பளமும் சாப்பிட்டோம். வெயில் இதமாக இருந்தது. அவளுக்குக் கண் சொக்கியது. "உள்ள போய்க் கொஞ்சம் சாயுதேன்," என்று குனிந்து அறைக்குள் போனாள். தலையணைகளை அடுக்கித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில், தட்டையாக, ஒருபக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். வீட்டில் அவள் அப்படிப் படுத்து நான் பார்த்து மாதக்கணக்காயிற்று.

நான் வெளியே சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்து இருமலுக்காகக் காத்திருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாக என் காது அதற்கே பழகியிருந்தது. சமையலறையில் இருந்தாலும், குளிக்கும்போதும், தூக்கத்திலும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். இப்போது வரவில்லை. படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நல்லது, காற்று காய்ந்திருக்கிறது, நான் செய்த வேலை வீண் போகவில்லை என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போனது. அப்போதும் இருமல் வரவில்லை. இவ்வளவு நேரம் இருமாமல் அவள் இருந்ததே இல்லை. கூப்பிட நினைத்தேன். கூப்பிட்டு அவள் பேசாமல் இருந்தால் என்ன செய்வது என்று பயந்து கூப்பிடவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினேன். அறையில் ஒரு வாடையும் இல்லை. முழங்காலில் நகர்ந்து பக்கத்தில் போனேன். போர்வை அசைகிறதா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. விரல்களை அவள் மூக்கருகே வைத்தேன். எதுவும் தெரியாமல், உள்ளங்கையையே கிட்டே கொண்டுபோனேன்.

"இருக்கேன்," என்றாள், கண்ணைத் திறக்காமல். "கைய எடுங்க. மூச்சு முட்டுது."

எடுத்தேன். அவள் சுவரோரமாக நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள். அந்தப் படுக்கையில் இரண்டு பேருக்கு இடம் கிடையாது. விளிம்பில் ஒட்டிக்கொண்டு, ஓதம் திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.